முதல் மூச்சும் குருதிச் சான்றும்

தாயின் வயிற்றில் வளரும் குழந்தை மூச்சு விடுவதில்லை; ஆயினும் அதற்குப் பிராணவாயு தடையின்றிக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பிறந்த சில நொடிகளில் அந்த வழி அடைபட்டு, நீர் நிறைந்து கிடந்த நுரையீரல் காற்றை ஏற்க வேண்டியதாகிறது. மனித வாழ்நாளில் இத்துணைப் பெரிய மாற்றம் இத்துணைக் குறுகிய நேரத்தில் வேறெப்போதும் நிகழ்வதில்லை. பெரும்பாலான குழந்தைகள் அழுகுரலோடு அந்தப் பாலத்தைக் கடந்துவிடுகின்றன. கடக்க இயலாமல் தயங்கி நிற்கும் குழந்தையை முன்கூட்டியே அறிவது எவ்வாறு? மூச்சைக் கண்ணால் பார்த்து அளவிடுவதா, குருதியைக் கேட்டு அறிவதா? இந்த வினாவிற்கு விடை தேடிய வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. அதில் வெற்றிகளும் உண்டு. பல்லாயிரம் குழந்தைகளின் கண்ணொளியைப் பறித்த பெரும்பிழையும் உண்டு.

நஞ்சுக்கொடியின் வேலை என்ன என்பதில் பண்டைய மருத்துவர்கள் தெளிவாக இருந்தாரல்லர். கருவுக்கு உணவளிக்கும் ஈரல் போன்றதோர் உறுப்பு என்றே அதனை எண்ணினர். இங்கிலாந்து நாட்டு ஜான் மேயோ என்பார் 1674-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அதனைக் கருப்பையின் ஈரல் என்பதைவிடக் கருப்பையின் நுரையீரல் என்று அழைப்பதே பொருத்தம் என்றார். பிராணவாயு என்னும் பெயரே தோன்றாத காலத்தில் கூறப்பட்ட கருத்து அது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து எராஸ்மஸ் டார்வின் (பரிணாமக் கொள்கை கண்ட சார்லஸ் டார்வினின் பாட்டனார்) தொப்புள்கொடியின் நாளங்களில் ஓடும் குருதியின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னார். குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி கருஞ்சிவப்பு. அங்கிருந்து திரும்பி வரும் குருதி ஒளிர்சிவப்பு. நுரையீரலுக்குச் சென்று மீளும் குருதியும் அவ்வாறே நிறம் மாறுகிறது அன்றோ? இவ்விரண்டையும் ஒப்பிட்டு மேயோவின் கூற்றுக்கு அவர் வலுச் சேர்த்தார். 1876-ஆம் ஆண்டில் பால் ஸ்வைஃபெல் என்னும் மருத்துவர், குழந்தை முதல் மூச்சு விடும் முன்னரே தொப்புள்கொடிக் குருதியில் பிராணவாயு கலந்திருப்பதை ஒளிப்பிரிகைக் கருவியால் மெய்ப்பித்துக் காட்டினார். அன்றுதான் தொப்புள்கொடிக் குருதி மருத்துவச் சான்றாகும் தகுதியைப் பெற்றது எனலாம்.

சான்று கிடைத்தும் நடைமுறை மாற நெடுங்காலம் ஆயிற்று. பிறந்ததும் மூச்சற்றுக் கிடக்கும் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அடித்தனர். வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறிமாறி அமிழ்த்தினர். ஜெர்மனியில் ஷுல்ட்சே என்பவர், குழந்தையின் தோள்களைப் பற்றித் தலைக்கு மேலாக வீசி மீண்டும் கீழிறக்கும் முறையொன்றை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பினார். இம்முறைகளில் எது பயன் தந்தது, எது தரவில்லை என்று அளந்து பார்ப்பதற்குக் கருவி ஏதும் இல்லை. பிழைத்த குழந்தை முறையின் வெற்றிக்குச் சாட்சியாயிற்று. பிழையாத குழந்தை விதியின் கணக்கில் சேர்ந்தது.

இதற்கிடையே வேறொரு கேள்வியும் எழுந்திருந்தது. 1861-ஆம் ஆண்டு வில்லியம் ஜான் லிட்டில் என்னும் அறுவை மருத்துவர், இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தின்முன் தம் கருத்தை வைத்தார். பிறக்கும் வேளையில் மூச்சுத் திணறும் குழந்தைகளுள் சிலர் பின்னாளில் கைகால் விறைத்து முடங்குகின்றனர் என்பது அவர் கண்டது. உளப்பகுப்பாய்வால் பின்னர்ப் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட், அப்போது நரம்பு மருத்துவராக இருந்தார். 1897-இல் அவர் இதற்கு மறுப்புரைத்தார். கடினமான பிரசவமே நோய்க்குக் காரணம் என்பது உறுதியில்லை. கருவிலேயே நேர்ந்துவிட்ட கேட்டின் அறிகுறியாகக் கடினமான பிரசவம் அமைந்திருக்கலாம் என்பது அவர் வாதம். ஃபிராய்டின் இந்தக் கருத்தை அடுத்த எண்பது ஆண்டுகள் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை.

குருதியின் செய்தியைப் படிக்கும் கலை முழு வடிவம் பெற்றது மகப்பேற்று விடுதியில் அன்று. இளம்பிள்ளைவாத நோயாளிகள் நிறைந்த டென்மார்க் மருத்துவமனையொன்றில். கோபன்ஹேகன் நகருக்கு இத்துறையில் நெடிய மரபு உண்டு. ஒரு நீர்மத்தின் அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். என்னும் அளவை 1909-இல் வகுத்த சோரன்சென் அந்நகரத்தவர். குருதியில் கரியமிலவாயுவுக்கும் அமிலத் தன்மைக்கும் உள்ள உறவை 1916-இல் சூத்திரமாக்கிய ஹாசல்பால்க்கும் அந்நகரத்தவரே. ஆயினும் அந்த அறிவெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கியிருந்தது. நோயாளியின் படுக்கையருகே அது வந்து சேர 1952-ஆம் ஆண்டின் பேரிடர் தேவைப்பட்டது.

அவ்வாண்டுக் கோடையில் கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கியது. ஜூலை முதல் டிசம்பர் வரை பிளெக்டாம் மருத்துவமனையில் 2,722 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 316 பேருக்கு மூச்சு விடும் தசைகள் செயலிழந்தன. விழுங்கும் ஆற்றலும் போயிற்று. மருத்துவமனையிலோ உடலை உள்ளே வைத்து மூச்சியக்கும் இரும்புப் பேழை ஒன்றும், மார்பில் கவசம்போல் பொருத்தும் கருவிகள் ஆறும்தாம் இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளின் உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

இறந்தவர்களின் குருதியைச் சோதித்தபோது அதில் கரியமிலவாயு பைகார்பனேட் வடிவில் மிகுந்திருந்தது தெரிந்தது. அதைக் கண்ட மருத்துவர்கள், குருதியில் காரத் தன்மை ஏறிவிட்டது. இது நோயின் புரியாத விளைவு என்று கருதினர். தலைமை மருத்துவர் லாசன் வழி தெரியாமல் தவித்தார். அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து கொடுக்கும் பணியிலிருந்த பியோர்ன் இப்சென் என்பவரைக் கலந்தாலோசனைக்கு அழைத்தனர். மயக்க மருத்துவருக்கு நோயாளிகளின் கூடத்தில் என்ன வேலை என்று எண்ணிய காலம் அது. இப்சென் ஏடுகளைப் பார்த்தார். பிரேதங்களின் நுரையீரல்களையும் பார்த்தார். அவற்றில் பெருஞ்சேதம் இல்லை. குருதியில் மிகுந்திருப்பது காரத்தின் அடையாளம் அன்று. வெளியேற வழியின்றித் தேங்கிய கரியமிலவாயுவின் அடையாளம் என்றார். அவர்கள் இளம்பிள்ளைவாதத்தால் இறக்கவில்லை, மூச்சு போதாமல் இறந்தார்கள் என்பது இதன் பொருள்.

ஆகஸ்ட் 27-ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியிடம் அவர் இதனைச் செய்து காட்டினார். அவள் குரல்வளைக்குக் கீழே துளையிட்டு, குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சு ஊட்ட முயன்றார். சிறுமி திமிறினாள், காற்று உள்ளே செல்லவில்லை. பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் சிலர் நம்பிக்கையிழந்து வெளியேறினர் என்பர். இப்சென் அவளுக்கு மயக்க மருந்து செலுத்தினார், தசைகள் தளர்ந்தன, பை வேலை செய்தது. நீலம் பாரித்திருந்த முகம் தெளிந்தது. அன்று முதல் மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத் தலைவர் போல் ஆஸ்ட்ரூப், ரேடியோமீட்டர் என்னும் கோபன்ஹேகன் நிறுவனத்தின் கருவியைக் கொண்டு நோயாளிகளின் குருதியில் பி.எச். அளவை நேரடியாக அளந்தார். இயல்பான குருதியில் அது 7.4 அளவில் நிற்கும். இவர்களிடம் அது வெகுவாகத் தாழ்ந்திருந்தது. குருதி காரமாகவில்லை, அமிலமாகியிருந்தது. இப்சென் கூறியதே மெய் என்று எண்ணால் நிறுவப்பட்டது. மாணவர்களின் கை எவ்வளவு விரைவாக அழுத்த வேண்டும் என்பதையும் இனி குருதியே சொல்லலாயிற்று. ஆஸ்ட்ரூப்பும் அவருடைய இளைய துணைவர் ஓலே சிகார்டு ஆண்டர்சனும் அடுத்த சில ஆண்டுகளில் இம்முறையைச் சீராக்கினர். குருதியில் திரண்ட அமிலம் மூச்சுத் தேக்கத்தால் வந்ததா, உடலின் திசுக்கள் பிராணவாயு இன்றித் தவித்ததால் வந்ததா என்று பிரித்தறியும் கணக்கையும் வகுத்தனர். விரல் நுனியிலோ குதிகாலிலோ எடுக்கும் சில துளிகளே போதும் என்னும் நிலை 1960 அளவில் வந்தது. உடலிலுள்ள மொத்தக் குருதியே இருநூறு, முந்நூறு மில்லிலிட்டர்தான் உள்ள பச்சிளங்குழந்தைக்கு இந்தச் சிக்கனம் சிறிய செய்தியன்று.

அதே ஆண்டுகளில் நியூயார்க் நகரில் வேறொரு மயக்க மருத்துவர் பச்சிளங்குழந்தைகளைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். வெர்ஜினியா அப்கார் அம்மையார் 1909-இல் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவராக விழைந்தவர். பெண்ணொருத்தி அத்துறையில் பிழைப்பது அரிது என்று மூத்த மருத்துவர் சொன்ன அறிவுரையால் மயக்க மருத்துவத்திற்குத் திரும்பினார். அந்த அறிவுரை நேர்மையானதா என்பது வேறு வினா. உலகம் அதனால் பெற்ற பயன் பெரிது. 1949-இல் அக்கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார்.

மகப்பேற்று அறையில் தாயைப் பார்க்கப் பலர் இருந்தனர். குழந்தையைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒருநாள் உணவகத்தில் மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என்று கேட்டார். அம்மையார் கையில் கிடைத்த தாளில் ஐந்து குறிகளை எழுதிக் கொடுத்தார். இதயத் துடிப்பு, மூச்சு முயற்சி, தூண்டினால் எழும் எதிர்வினை, தசையின் உறுதி, உடலின் நிறம் என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்து. பிறந்து ஒரு நிமிடத்தில் கணக்கிட வேண்டும். 1952-இல் மாநாடொன்றில் படித்து 1953-இல் அச்சிட்ட இந்த முறை விரைவில் உலகெங்கும் பரவியது. கருவி வேண்டாம், காசு வேண்டாம். கண்ணும் கையும் கடிகாரமும் போதும் என்பதே அதன் வலிமை. ஐந்தினுள் நிறமே நம்பத்தகாத குறி என்று அம்மையாரே அக்கட்டுரையில் எழுதியிருந்தார். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பிறக்கும் கணத்தில் நீலமாகவே இருக்கின்றன.

கண்ணால் இட்ட மதிப்பெண் குருதியின் நிலையோடு ஒத்துப்போகிறதா? இதனை அறியாமல் அம்மையார் அமையவில்லை. டங்கன் ஹாலடே, நியூசிலாந்திலிருந்து வந்த ஸ்டேன்லி ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து தொப்புள்கொடியின் நாளங்களிலிருந்து குருதியெடுத்து அளந்தார். 1958-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொன்னது. குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தைகளின் குருதியில் பிராணவாயு குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருந்தன; இது எதிர்பார்த்தது. நலமாகப் பிறந்த குழந்தைகளும் பிறக்கும் வேளையில் ஓரளவு மூச்சடைப்புக்கு உள்ளாகின்றன, மூச்சு விடத் தொடங்கியதும் தாமாகவே விரைவில் அதனைச் சரிசெய்துகொள்கின்றன என்பது எதிர்பாராதது. பிறப்பு என்பதே ஒரு சிறு மூச்சுத் திணறல்தான். அதிலிருந்து மீளும் வேகத்தில்தான் நலமும் நலிவும் வேறுபடுகின்றன.

குருதியின் சான்று அம்மையாரின் சொந்த விருப்பத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரசவத்தில் சைக்ளோபுரொப்பேன் என்னும் மயக்க வாயுவை அவர் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தி வந்தார். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சோர்வுறச் செய்கிறது என்பது தம் குழுவினரின் அளவீடுகளில் தெரிந்ததும், 1957-இல் அதனை அவர்களே வெளியிட்டனர்; அம்மையார் அவ்வாயுவைக் கைவிட்டார். தாம் பல்லாண்டு போற்றிய முறையை ஒரு குழாய்க் குருதிக்காகத் துறக்கும் மருத்துவர்கள் எந்நாட்டிலும் மிகப் பலர் அல்லர்.

மற்றொரு மூடநம்பிக்கையும் இதே வழியில் வீழ்ந்தது. மூச்சற்ற குழந்தையின் இரைப்பைக்குள் குழாய்வழிப் பிராணவாயு செலுத்தினால் பிழைக்கும் என்று ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1950-இல் கூறினர். எளிய முறையாதலால் பல மருத்துவமனைகள் அதனை ஏற்றன. ஜேம்ஸும் அப்காரும் குருதியை அளந்து பார்த்தபோது, அவ்வாறு செலுத்திய பிராணவாயு குருதியைச் சென்றடையவில்லை என்பது தெரிந்தது. 1963-இல் முடிவு வெளியானதும் அவ்வழக்கம் தேய்ந்து மறைந்தது.

ஆனால் குருதியைக் கேளாமலே குழந்தைகளுக்குப் பிராணவாயு ஊட்டிய காலத்தின் கணக்கு இவ்வளவு எளிதில் தீரவில்லை. 1940-களில் செல்வ நாடுகளின் மருத்துவமனைகள், குறைமாதக் குழந்தைகளுக்கெனக் காற்றுப் புகாத இன்குபேட்டர் பெட்டிகளை வாங்கின. அவற்றில் பிராணவாயுவைத் தாராளமாக நிரப்பினர். குழந்தைகளின் மேனி சிவந்தது; மூச்சு சீரானது; மருத்துவர்கள் மகிழ்ந்தனர். 1942-இல் பாஸ்டன் நகரின் டெர்ரி என்பவர், குறைமாதக் குழந்தைகளின் கண்களில் வில்லைக்குப் பின்னே வெண்திரை படர்ந்து பார்வை அழிவதை விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் அந்நோய் பெருகியது. வசதி நிறைந்த மருத்துவமனைகளில்தான் அது மிகுதியாக இருந்தது. ஏழை மருத்துவமனைகளில் அரிதாக இருந்தது. இந்த முரண்பாட்டிலிருந்தே உண்மை வெளிப்பட்டது. மெல்போர்ன் நகரின் கேட் காம்பெல் அம்மையார் 1951-இல் மூன்று மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்து, பிராணவாயுவின் மிகுதியே காரணமாகலாம் என்று எழுதினார். அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை 1954-இல் அதனை உறுதி செய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்துவிட்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

இனி 40 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயு தருவதில்லை என்று மருத்துவர்கள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். கண்ணோய் குறைந்தது. ஆனால் நுரையீரல் முதிராத குழந்தைக்கு அந்த 40 விழுக்காடு போதாது. இங்கிலாந்தின் கென்னத் கிராஸ் 1973-இல் வெளியிட்ட கணக்கு நெஞ்சை உலுக்குவது: ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க, ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரை இழந்திருக்கலாம் என்றார் அவர். முதலில் தாராளம் கெடுத்தது. பின்னர்ச் சிக்கனம் கெடுத்தது. இரண்டு காலத்திலும் மருத்துவர்கள் அளந்தது பெட்டிக்குள் இருந்த காற்றை. குழந்தையின் விழித்திரையைச் சென்று சேருவது பெட்டியின் காற்று அன்று, குருதியின் பிராணவாயு. ஒரே பெட்டியில் ஒரே அளவு காற்றைச் சுவாசிக்கும் இரு குழந்தைகளின் குருதியில் பிராணவாயு இருவேறு அளவினதாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள இத்துணைக் காலம் பிடித்தது.

குருதியிலுள்ள பிராணவாயுவை எளிதில் அளக்கும் மின்முனையை அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1954-இல் உருவாக்கி 1956-இல் வெளியிட்டிருந்தார். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மின்முனையைப் போர்த்தி, குருதியின் பிற பொருள்கள் அதனைக் கெடுக்காதபடி தடுத்ததே அவர் செய்த உபாயம். அதனையும் கரியமிலவாயு, பி.எச். ஆகியவற்றின் மின்முனைகளையும் ஒரே கருவியில் செவரிங்ஹவுஸ் இணைத்தார். எனினும் அவை குழந்தைகளின் கூடங்களுக்கு மெல்லவே வந்து சேர்ந்தன.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை ஏறத்தாழ 2.1 கிலோகிராம். நுரையீரல் முதிராமையால் மூச்சுத் திணறி, பாஸ்டன் மருத்துவமனையின் உயரழுத்தப் பிராணவாயு அறையில் வைத்தும் பயனின்றி, 39 மணி நேரத்தில் இறந்தான். வல்லரசின் தலைவருக்கும் அன்று கிடைத்தது அவ்வளவுதான். நுரையீரலின் நுண்ணறைகளை விரித்து வைக்கும் வழவழப்பான பொருள் அக்குழந்தைகளிடம் இல்லை என்பதை மேரி எல்லன் ஏவரி அம்மையார் 1959-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த அப்பொருளைக் குழந்தைகளுக்கு அளித்து ஜப்பானின் ஃபூஜிவாரா வெற்றி கண்டது 1980-இல்தான். இடைப்பட்ட காலத்தில் மான்ட்ரியால் நகரின் ராபர்ட் அஷர், அக்குழந்தைகளின் குருதியில் அமிலம் மிகுவதைக் கண்டு, சர்க்கரை நீருடன் பைகார்பனேட் கலந்து நரம்பில் ஏற்றினார். இறப்புக் குறைந்ததென்று 1963-இல் எழுதினார், உலகம் பின்பற்றியது. அடர்த்தியான பைகார்பனேட் மூளைக்குள் குருதிக்கசிவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை 1970-களில் எழுந்தது. குருதியின் எண்ணைச் சரிசெய்வதும் குழந்தையைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் பலருக்குப் புலப்பட்டது.

பிறந்த பின்னரே குருதியை எடுக்க வேண்டுமா? பெர்லினில் எரிக் சாலிங் 1960-களின் தொடக்கத்தில், பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தையின் தலைத்தோலில் சிறு கீறலிட்டுக் குருதித் துளி எடுத்து அளந்தார். பி.எச். 7.20-க்குக் கீழே இறங்கினால் பிரசவத்தை விரைந்து முடிக்க வேண்டும் என்பது நெறியாயிற்று. வரப்போகும் மூச்சுத் துன்பத்தைக் குருதியால் முன்னறிவது என்பது இங்கேதான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது.

முன்னறிவின் எல்லையும் விரைவில் தெரிந்தது. அமெரிக்காவில் காரின் நெல்சன் அம்மையாரும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் மூளைவாதம் கண்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறந்த முதல் நிமிடத்தில் 7 முதல் 10 வரை அப்கார் மதிப்பெண் பெற்றவர்கள் என்பது தெரிந்தது. 1897-இல் ஃபிராய்ட் கூறிய மறுப்பு அன்று நூலகத்திலிருந்து மீண்டு வந்தது. பிரசவத்தில் நேர்ந்த மூச்சடைப்பே காரணம் என்று சொல்ல, தொப்புள்கொடித் தமனியின் குருதியில் பி.எச். 7.00-க்குக் கீழும், காரக் குறைவு 12 அல்லது அதற்கு மேலும் இருத்தல் வேண்டும் என்று 1999-இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று வரையறுத்தது. மருத்துவர்மீது தொடுக்கப்படும் வழக்குகளில் இந்த எண்கள் இருதரப்பாருக்கும் ஆயுதமாயின.

ஊசி குத்தாமலே குருதியைப் படிக்கும் வழி ஜப்பானில் பிறந்தது. நிஹோன் கோடென் நிறுவனத்தின் பொறியாளர் டக்குவோ அவோயாகி, இதயம் எவ்வளவு குருதியை இறைக்கிறது என்பதைக் காதுமடலில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவருடைய கணக்கைக் குலைத்தது. அந்தத் தொல்லையைக் களையும் முயற்சியில்தான், துடிப்போடு ஏறியிறங்கும் ஒளியே தமனிக் குருதியின் பிராணவாயு அளவைச் சொல்லவல்லது என்பதை உணர்ந்தார். 1974-இல் அதனை வெளியிட்டார். அவருடைய நிறுவனமே அதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1980-களில் அமெரிக்க நிறுவனங்கள் கைக்கொண்ட பிறகே அது மருத்துவமனைதோறும் நுழைந்தது. அவோயாகி 2020-இல் மறைந்தார்; அவ்வாண்டு கொள்ளைநோயின் அச்சத்தில் உலகெங்கும் இல்லங்களில்கூட விரல்நுனியில் மாட்டிப் பார்த்தது அவர் கருவியைத்தான்.

இவ்வரலாற்றின் வியப்புமிக்க பகுதி, தோற்றுப்போன ஓர் அடையாளப் பொருளைப் பற்றியது. 1970-களில் நார்வேயின் ஓலா டிட்ரிக் சாக்ஸ்டாட் என்னும் இளம் ஆய்வாளர், மூச்சடைப்புக்கு உள்ளான குழந்தையின் குருதியில் ஹைப்போசாந்தீன் என்னும் பொருள் திரளுவதைக் கவனித்தார். திசுக்கள் பிராணவாயு இன்றித் தவிக்கும்போது அவற்றின் ஆற்றல் பொருள் சிதைந்து எஞ்சுவது அது. அதனை அளந்தால் மூச்சடைப்பின் கடுமையை அறியலாம் என்று 1975-இல் எழுதினார். மருத்துவமனைகளில் அச்சோதனை நிலைபெறவில்லை. ஆனால் அப்பொருளின் வேதியியல் அவரை உறங்கவிடவில்லை. தேங்கிக் கிடக்கும் ஹைப்போசாந்தீனோடு திடீரெனப் பிராணவாயு பெருமளவில் சேர்ந்தால், திசுக்களைத் தாக்கும் நச்சு மூலக்கூறுகள் உண்டாகும். அப்படியாயின், மூச்சற்றுப் பிறந்த குழந்தைக்கு உலகெங்கும் முதல் உதவியாக அளிக்கப்படும் தூய பிராணவாயு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா?

இவ்வாறு கேட்பதே அன்று அடாத செயலாகத் தோன்றிற்று. மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பிராணவாயு தராமல் வெறுங்காற்றைத் தருவதா? புதுடில்லியின் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சித்தார்த் ராம்ஜி குழுவினர் இதனைச் சோதிக்க முன்வந்தனர். 84 குழந்தைகளைக் கொண்ட அவர்கள் ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. வெறுங்காற்றால் மூச்சு ஊட்டப்பட்ட குழந்தைகள் பின்தங்கவில்லை. பின்னர் இந்தியா, எகிப்து, பிலிப்பைன்ஸ், எஸ்தோனியா, ஸ்பெயின், நார்வே ஆகிய ஆறு நாடுகளில் 609 குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 1998-இல் அதே விடையைத் தந்தது. பிராணவாயு உருளை வாங்க வசதியில்லாத நாட்டுப்புறப் பேறுகால நிலையங்கள் ஏழ்மையால் செய்து வந்தது பிழையன்று என்பது இதனால் விளங்கிற்று. 2010-இல் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் மாறின: நிறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு முதலில் காற்றே போதும், குருதி கேட்டால் மட்டுமே பிராணவாயு சேர்க்கலாம் என்றாயிற்று.

குறைமாதக் குழந்தைகளின் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை. குருதியின் பிராணவாயுச் செறிவை 85 முதல் 89 விழுக்காட்டில் வைப்பதா, 91 முதல் 95 விழுக்காட்டில் வைப்பதா என்று ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று அதே 2010-இல் வெளியாயிற்று. தாழ்ந்த அளவில் வைக்கப்பட்டோருள் கடுமையான கண்ணோய் 8.6 விழுக்காடு, உயர்ந்த அளவினரில் 17.9 விழுக்காடு. இறப்போ, தாழ்ந்த அளவினரில் 19.9 விழுக்காடு, உயர்ந்த அளவினரில் 16.2 விழுக்காடு. கிராஸ் எழுப்பிய வினா 37 ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கேயே நின்றது. எண்கள் மட்டும் நுண்மையாயின. பல மருத்துவமனைகள் உயிரைத் தேர்ந்து உயர்ந்த அளவையே கைக்கொண்டன. கண்ணைக் காக்க விழித்திரைச் சோதனையை இறுக்கின.

அவ்வாண்டிலேயே மெல்போர்ன் நகரின் ஜெனிஃபர் டாசன் குழுவினர், எவ்வித மருத்துவ உதவியும் வேண்டாத நலமான குழந்தைகளின் குருதியை முதல் நிமிடத்திலிருந்தே அவோயாகியின் ஒளிமுறையால் அளந்து வெளியிட்டனர். ஒரு நிமிடத்தில் செறிவின் நடுமதிப்பு 66 விழுக்காடு. இரண்டாம் நிமிடத்தில் 73. ஐந்தாம் நிமிடத்தில் 89. பெரியவர் ஒருவருக்கு 66 விழுக்காடு என்றால் அபாய மணி ஒலிக்கும். அப்போதே பிறந்த குழந்தைக்கோ அது இயற்கை. இன்று பிரசவ அறைகளில் இவ்வகை எண்களைக் கொண்ட அட்டவணை குழந்தை கிடத்தும் மேசையருகே தொங்குகிறது. மருத்துவச்சி துடைத்துக் கிடத்திய குழந்தையின் வலக்கை மணிக்கட்டில் ஒளிக்கருவியைச் சுற்றுகிறார். மூளைக்குச் செல்லும் அதே குருதிதான் வலக்கைக்கும் செல்கிறது. குழந்தை நீலமாக இருக்கிறது. எண் 70 காட்டுகிறது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. யாரும் பிராணவாயுக் குழாயை நோக்கிக் கை நீட்டுவதில்லை.